ஏழு முடிச்சும் ஏழு புதனும்

வட்டக்கச்சியில் உதவி செய்யாத ஆள் என்று ஒருவரும் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் பதினொரு வருடம் மனேச்சராக இருந்து, ஊர் முழுவதற்கும் கூப்பன் அரிசி நிறுத்துப் போட்டவன் என்ற தகுதியோடு இதைச் சொல்கிறேன். யாருக்காவது ஒரு துன்பம் வந்துவிட்டால் போதும். ஊர் திரண்டு போய், அவர்கள் வீட்டுக் கதிரைகளை நிரப்பி, அவர்கள் ஊற்றும் தேத்தண்ணியைக் குடித்து, அவர்கள் அழுவதற்கு முன்பே தான் அழுது, இனிமேல் இன்னும் என்னென்ன துன்பங்கள் வரக்கூடும் என்பதையும் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் திரும்பும். அப்படிப்பட்ட தங்கமான ஊர். ஐயாத்துரை என்கிற நானும் அந்த ஊர்க்காரன்தான், மறைக்கவில்லை.

அந்த உதவியெல்லாம் வந்து இறங்கிய வீடு அன்னபாக்கியத்தின் வீடு. கனகலிங்கத்தின் மனைவி. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து இரண்டு பெட்டியோடும் ஒரு மண்வெட்டியோடும் வந்தவர்கள். வந்த புதிதில் காடு வெட்டினாள், குளிர்காய்ச்சலில் கிடந்தாள், எழும்பி மறுபடி காடு வெட்டினாள். யானை வந்த நேரம் புருஷன் மரத்தில் ஏறிவிட, இவள் கீழே நின்று தீப்பந்தம் காட்டியதாக ஒரு கதை உண்டு. கனகலிங்கம் அதை மறுப்பதில்லை. நல்ல மனுஷன், சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாது. அவளும் அதிகம் பேசுகிறவள் அல்ல. கடைக்கு வந்தால் கூப்பன் புத்தகத்தை நீட்டுவாள், சாமானை வாங்குவாள், போய்விடுவாள். ஊர் வம்புக்கு ஒரு துளி உபயோகமில்லாத பெண் என்று எங்கள் எல்லாருக்குமே மனவருத்தம்.

அறுபத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் அவளுடைய மூத்த பிள்ளை விமலேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. நாலு நாளில் காய்ச்சல் போய்விட்டது, போகும்போது வலது காலின் பலத்தையும் கூடக் கொண்டுபோய்விட்டது. இளம்பிள்ளை வாதம். டவுண் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைகளில் ஒரு எலும்பு டொக்டர் வருவார். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: ஒவ்வொரு புதனும் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும், காலை நீட்டிப் பிடித்துப் பயிற்சி கொடுக்க வேண்டும், விட்டுவிட்டால் முழங்கால் மடங்கி அப்படியே இறுகிப்போகும்.

ஆக, அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது கிழமையில் ஒரு நாள், அந்தப் பிள்ளையை ஐந்தாறு மைல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர ஒரு ஆள். அவ்வளவுதான். தங்கம் கேட்கவில்லை, வைரம் கேட்கவில்லை.

அன்னபாக்கியத்தின் வயிற்றில் அப்போது இன்னொன்று. இருந்தும் ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து பஸ் எடுத்தாள். ஆடி மாத நடுவில் வயிறு முன்னுக்கு வந்துவிட்டது, பிள்ளையை வைப்பதற்கு இடுப்பில் இடமில்லை. கனகலிங்கம் கொண்டுபோகலாம்தானே என்று கேட்பீர்கள். கோடைச் சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்துத்தான் வரும். அவனுடைய முறை புதன்கிழமை. அன்றைக்கு வயலில் நின்று மடை கட்டாவிட்டால் பயிர் கருகும், பயிர் கருகினால், வயிற்றுப்பிள்ளையோடு சேர்த்து ஐந்து வயிறும் காயும். அவனுடைய வயதான தாயும் கூடவே இருந்தாள்.

அவன் வட்டவிதானையார் சிற்றம்பலத்திடம் போனான். யாருடைய வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று தீர்மானிக்கிறவர் அவர்தான். முறையைப் புதனிலிருந்து வேறு ஒரு நாளுக்கு மாற்றித் தரும்படி கேட்டான்.

"முறை எண்டால் முறைதான், தம்பி," என்றார் சிற்றம்பலம். "உனக்கு மாத்தினால் நாளைக்கு ஊர் முழுக்க மாத்தச் சொல்லி வந்து நிக்கும். ஆனால் நீ ஒண்டுக்கும் யோசியாதை. நான் வற்றாப்பளை அம்மாளுக்கு ஒரு நேர்த்தி வைக்கிறன். உன்ரை பிள்ளை வைகாசிப் பொங்கலுக்குத் தன்ரை காலாலை நடந்து வந்து பானைக்கு அரிசி போடும்."

சொன்னதோடு நிற்கவில்லை. மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, அன்னபாக்கியத்தின் கையில் கொடுத்து, வீட்டுக் கூரை வளையில் கட்டித் தொங்கவிடும்படியும் சொன்னார். மனுஷனின் இரக்கத்தை என்னவென்று சொல்ல!

நேர்த்தி எல்லா ஊரிலும்தான் வைக்கிறார்கள். எங்கள் ஊர் கண்டுபிடித்த புதுமை என்னவென்றால், வைப்பது ஒருவர், தீர்ப்பது இன்னொருவர். சிற்றம்பலம் முடிச்சுக் கொடுத்த கதை பரவியதும் மற்றவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்புத்துரையிடம் இரண்டு மாடும் நல்ல வண்டிலும் இருந்தன. அவர் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குக் காவடி நேர்ந்தார், எடுக்க வேண்டியவன் கனகலிங்கம். மாதர் சங்கத்தில் வாய் கிழியப் பேசும் பத்மாசனி, பிள்ளையின் கால் சுகமாகும்வரை ஒவ்வொரு வெள்ளியும் விரதம் என்று நேர்ந்தாள். விரதம் பத்மாசனிக்கு அல்ல, வயிற்றுப்பிள்ளைக்காரி அன்னபாக்கியத்துக்கு. இன்னும் மூன்று பேர் அங்கப்பிரதட்சிணம், மொட்டை, பாற்செம்பு என்று ஆளுக்கொன்றாக அந்தக் குடும்பத்தின் தலையிலே கட்டினார்கள்.

ஏழாவது முடிச்சு என்னுடையது. உருத்திரபுரம் சிவன் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன், உடைக்க வேண்டியவர்கள் அவர்கள். எங்கள் சங்கக்கடையில் தேங்காய் விற்பதில்லை, ஆகவே அதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். என்னுடைய சைக்கிள் அப்போது கடைக்குப் பின்னால், மழை படாமல், சாக்குப் போட்டு மூடியபடி நின்றது. அந்த ஆடியிலும் ஆவணியிலும் அந்தப் பிள்ளை சைக்கிளில் ஏறி இருக்கக்கூடிய நிலையில்தான் இருந்தது. எனக்கு அது தோன்றவேயில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. பஞ்சியாக இருந்தது, சோம்பல்தான்.

ஆடிக்குப் பிறகு பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் பாதையே இல்லை. மார்கழித் தொடக்கத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. தையில் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து, மாசி பிறந்த கையோடு, அன்னபாக்கியம் கைக்குழந்தையை ஒரு தோளிலும் விமலேஸ்வரியை மறு இடுப்பிலும் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். வீட்டு வளையில் ஏழு முடிச்சும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன, முழங்காலோ அதைப்பற்றிக் கவலைப்படாமல் மடங்கி இறுகியிருந்தது.

டொக்டர் தொடையிலிருந்து கணுக்கால்வரை பிளாஸ்டர் போட்டுவிட்டார். ஒவ்வொரு புதனும் முழங்கால் இடத்தில் அதைக் கொஞ்சம் வெட்டி, காலைக் கொஞ்சம் நிமிர்த்தி, மறுபடி பூசுவார்கள். ஏழெட்டு வாரம் ஒன்றும் விடாமல் வந்தால் நிமிர்ந்த அளவுக்கு நிமிரும். இடையில் ஒரு வாரம் விட்டாலும் இழுத்துக்கொண்டு பழையபடி போகும். பிளாஸ்டர் போட்ட காலோடு பிள்ளையை இடுப்பில் வைக்க முடியாது, சைக்கிளில் ஏற்றவும் முடியாது. வண்டிலில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு அவளை யாரோ ஒரு லொறிக்காரன் இரங்கி ஏற்றிவந்து இறக்கிவிட்டான். டொக்டர் வேறென்ன சொன்னார் என்று அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த நாள் கூப்பன் நாள். கடை வாசலில் சனம் வரிசையில் நின்றது. அன்னபாக்கியம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கூப்பன் புத்தகத்துக்குப் பதிலாக ஏழு மஞ்சள் முடிச்சுகளை மேசையில் வைத்தாள்.

"மனேச்சர் அண்ணை, அரிசி பிறகு போடுங்கோ. முதல்லை இதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ."

வரிசையில் முதலாவதாக நின்ற அப்புத்துரைக்கு முகம் செத்துப்போய்விட்டது. "என்ன பிள்ளை, நேர்த்தி முடிச்சையெல்லே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்?"

"ஓம் அண்ணை. நீங்கள் வைச்சது, நீங்களே கொண்டுபோய்த் தீருங்கோ. இல்லாட்டில் முடிச்சு என்னட்டையே இருக்கட்டும், எனக்கு ஒரு புதன்கிழமை தாங்கோ. பிள்ளையைக் காலமை கொண்டுபோய்ப் பின்னேரம் கொண்டு வந்தால் போதும். இவருக்கு வயலிலை அறுவடை, நான் கைக்குழந்தையோடை வண்டில்லை ஏறி ஒரு நாள் முழுக்கக் கிடக்கேலாது."

பத்மாசனி வரிசையை விட்டு வெளியே வந்தாள். "நேர்த்தி எண்டது என்ன விளையாட்டே? திருப்பிக் குடுத்தால் அம்மாளாச்சி கோவிப்பா!"

"அதுதான் அக்கா எனக்கும் யோசினை. ஆரோடை கோவிப்பா? வைச்ச ஆக்களோடையோ, வைக்கச் சொல்லாத என்னோடையோ?"

சிற்றம்பலம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முடிச்சு தானாக எழும்பி வந்து கையில் ஏறிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. தீர்க்காத நேர்த்தியைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக ஒருவருக்கும் துணிவில்லை. பக்தி ஆறேழு மாதமாகச் செய்யாத வேலையைப் பயம் ஐந்து நிமிடத்தில் செய்தது. அப்புத்துரை முதல் புதன், பத்மாசனி இரண்டாம் புதன், சிற்றம்பலம் மூன்றாம் புதன் என்று ஆளாளுக்குப் பங்கு போட்டார்கள். வண்டில் எப்போதும் அப்புத்துரையுடையதுதான்.

நான் ஏழாவது புதனை எடுத்துக்கொண்டேன். அதற்குள் கால் சுகமாகிவிடும், எனக்கு வேலை இருக்காது என்று ஒரு நம்பிக்கை. தெய்வ நம்பிக்கை உள்ளவன் நான்.

முதல் புதன் போன அப்புத்துரை இருட்டும் நேரம் திரும்பி வந்தார். கடை வாசலில் வண்டிலை நிறுத்தி, நான் கொடுத்த சோடாவைக் குடித்தார். மனுஷன் வழக்கமாக ஒரு சோடாவுக்கு ஒரு மணித்தியாலம் கதைக்கிறவர்.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை," என்றார். போத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் பார்த்தால், வண்டிலின் அடித்தட்டில் தன் வீட்டு மெத்தையைப் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். கலியாணத்துக்குச் சீதனமாய் வந்த இலவம்பஞ்சு மெத்தை. மாட்டுக்குக்கூட அவர் அவ்வளவு கரிசனை காட்டியதை நான் கண்டதில்லை.

இரண்டாம் புதன் பத்மாசனி போனாள். தன் புருஷனை வண்டில் ஓட்டச் சொல்லிவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் மாதர் சங்கச் சேலையோடு இருந்து போனாள். திரும்பி வந்ததும் அவளுக்கு வாயடைத்துப்போய்விட்டது. இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. ஊரில் பலர் உடம்புக்கு வருத்தமாக்கும் என்று விசாரிக்கப் போனார்கள். மூன்றாம் நாள் அவள் நல்லெண்ணெய்ப் போத்தலோடு அன்னபாக்கியத்தின் வீட்டுக்குப் போய், பிள்ளையின் மற்றக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து உருவத் தொடங்கினாள். அன்றிலிருந்து தினமும் போனாள், வெள்ளி விரதத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை, ஐயாத்துரை அண்ணை. உங்களுக்கு அரிசி நிறுக்கிற வேலை இல்லையே?"

சிற்றம்பலம் போய்வந்த கூத்துத்தான் எனக்கு விளங்கவேயில்லை. பங்குனியில் சிறுபோகக் கூட்டம் நடந்தது. முறை எண்டால் முறைதான் என்று சொன்ன அதே சிற்றம்பலம் எழும்பி, யாரும் கேட்காமலே, "கனகலிங்கத்தின்ரை தண்ணி இந்தமுறை சனிக்கிழமை. சனிக்கிழமை என்ரை முறை, நான் புதனை எடுக்கிறன். ஆருக்கும் கதை இருக்கோ?" என்று கேட்டார். ஒருவருக்கும் கதை இல்லை. அவ்வளவு சுலபமான காரியம் அது. போன வருடம் அதே நாக்கை அசைக்க அந்த மனுஷனுக்கு என்ன கேடு வந்தது என்று நான் மனதுக்குள் திட்டினேன். மற்றவர்களைத் திட்டுவதில் எனக்குப் பஞ்சி இல்லை.

நடுவில் போன மூன்று பேரும் இதே மாதிரித்தான். வாயை மூடிக்கொண்டு வந்தார்கள், பிறகு ஆளாளுக்கு அந்த வீட்டில் ஏதோ ஒரு வேலையைத் தாங்களாகவே எடுத்துச் செய்தார்கள். டொக்டர் ஒருவருக்கும் ஒன்றுமே சொல்லவில்லையாம். இப்படி ஒரு வாய் செத்த டொக்டரை அரசாங்கம் எங்கே தேடிப் பிடித்தது என்று யோசித்தேன்.

என்னுடைய புதன் வந்தது. செவ்வாய் பின்னேரமே அன்னபாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். "பிள்ளை, நாளைக்கு அரிசி லொறி வருது. நான் கடையிலை நிக்காட்டில்..." என்று தொடங்கினேன். அவள் உள்ளே போய் என்னுடைய மஞ்சள் முடிச்சை எடுத்து வந்து, சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டாள்.

"லொறி வியாழக்கிழமையும் வரலாம்தானே," என்றேன். முடிச்சை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விடியவே புறப்பட்டோம். விமலேஸ்வரி மெத்தையில் மல்லாந்து கிடந்தாள். தாயிடம் இல்லாத கதை எல்லாம் அவளிடம் இருந்தது.

"மாமா, உங்களுக்கு வண்டில் விடத் தெரியாது என்ன?"

"தெரியும்."

"மாட்டுக்கு அது தெரியேல்லை," என்றாள். மாடு அந்த நேரம் யாரோ ஒருவருடைய வேலியைத் தின்றுகொண்டிருந்தது உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் மத்தியானம் திரும்பும்வரை காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்டதும் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். பிளாஸ்டர் சேர்த்து அவள் ஒரு அரிசி மூட்டைப் பாரம் இருந்தாள். வாழ்க்கை முழுக்க மூட்டை தூக்கிய எனக்கே மூச்சு வாங்கியது. இவளை அந்த வயிற்றோடு இரண்டு மைல் தூக்கியவளை நினைத்தேன். அதற்கு மேலே நினைக்க விரும்பவில்லை.

பிளாஸ்டரைக் கழற்றினார்கள். கால் வெளியே வந்தது. மெலிந்து, தோல் உரிந்து, முழங்காலில் இன்னும் ஒரு மடிப்பு மிச்சமிருந்தது. டொக்டர் அளந்து பார்த்து, காலில் மாட்டும் இரும்புச் சட்டத்துக்கு அளவு எழுதச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீரோ தகப்பன்?"

"இல்லை ஐயா, நான் வந்து..."

"ஆராய் இருந்தாலென்ன! ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு ஆள் வாறீங்கள். இவ்வளவு பேர் இருந்துகொண்டு எங்கை போனீங்கள்? ஆடியிலை கடைசியாய் வந்த பிள்ளை மாசியிலை வருது. ஆறு மாதம், கிழமையிலை ஒரு நாள், ஆராவது ஒருத்தர் கொண்டு வந்திருந்தால் இந்த முழங்கால் மடங்கியிராது. இது நோயாலை வந்தது இல்லை, விட்டதாலை வந்தது. இனி இது முழுக்க நிமிராது. சாகுமட்டும் இரும்போடைதான் நடக்கவேணும். உங்கடை ஊரிலை வண்டில் இல்லையோ? சைக்கிள் இல்லையோ? மனுசர் இல்லையோ?"

சைக்கிள் இருந்தது. சாக்கும் போட்டு மூடியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு என்ன பிரயோசனம்? வந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் கரடிப்போக்குச் சந்தி தாண்டியதும் பின்னாலிருந்து விமலேஸ்வரியின் குரல் கேட்டது.

"அழாதேங்கோ மாமா. அந்த டொக்டர் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறவர்."

"எல்லாருக்குமோ?"

"ஓம். அப்புத்துரை மாமாவுக்கும் சொன்னவர். பத்மாசனி மாமி சேலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு அழுதவா. சிற்றம்பலம் அப்பு வண்டில்லை ஏறவே இல்லை. பக்கத்தாலை நடந்துதான் வந்தவர், வீடுமட்டும்."

ஆறு பேரும் ஏன் வாயை மூடிக்கொண்டு வந்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொருவரும் தன்னைத்தான் டொக்டர் தனியாகப் பிடித்துக் கேட்டுவிட்டார் என்று நினைத்து, அதை வெளியே விடாமல் விழுங்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். நானும் அதையேதான் செய்ய இருந்தேன்.

வீட்டு வாசல் படலையில் அன்னபாக்கியம் நின்றாள். கைக்குழந்தை தோளில் நித்திரை.

"டொக்டர் என்ன சொன்னவர், அண்ணை?"

"ஒண்டும் சொல்லேல்லை, பிள்ளை," என்றேன். நாக்கு தானாகவே அதைத்தான் சொன்னது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஏழு பேருக்கும் அந்த மனுசன் ஒண்டும் சொல்லேல்லை, என்ன?" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வெட்கப்பட்டவனுக்கு வேறென்ன வரும்? "அப்ப நீ தெரிஞ்சுகொண்டுதான் எங்களை ஒவ்வொருத்தராய் அனுப்பினனியோ? அந்த ஏச்சு வாங்க?"

"ஓம் அண்ணை." குரலை உயர்த்தவில்லை. வண்டிலுக்குப் பக்கத்தில் வந்து, பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். "மாசியிலை அதை எனக்குச் சொன்னவர். கையிலை ஒண்டு, இடுப்பிலை ஒண்டு, சுத்திவரச் சனம், நான் நடுவிலை நிண்டு கேட்டனான். வீட்டை வந்து இவருக்கும் சொல்லேல்லை, தாங்கமாட்டார். இவ்வளத்தையும் தனி ஒரு ஆளாலை தூக்கேலாது, அண்ணை."